கம்பும் உருண்டையும், சனிக்கிழமை ஐந்து மணிக்கு

ஜனவரி 12

மச்சானுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. உன் ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறதா? பையன், மருமகள், பேரப்பிள்ளைகள் சௌக்கியமா?

நீ பையன் வீட்டுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. காரணமில்லாமல் தபால்தலை ஒட்டுகிறவன் இல்லை நான். காரணம் இருக்கிறது. கம்பும் உருண்டையும் மறுபடி டிவியில் வருகிறார்கள்.

இப்போது பளபளவென்று செய்கிறார்களே, அந்த நிகழ்ச்சி இல்லை. இரண்டு பேரும் டிவியில் வித்தை காட்ட வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டதாம். அதற்காக ஆரம்ப நாள் நிகழ்ச்சிகளைத் தூசி தட்டி, முதலிலிருந்து வரிசையாகச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போடுகிறார்கள். கறுப்பு வெள்ளை. நாம் டிவிக் கடை திறந்த வருஷம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவே நின்று பார்த்த அதே நிகழ்ச்சிகள்.

நேற்று முதல் நிகழ்ச்சி. கம்பு சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கைக்குட்டையைப் புறாவாக்குகிறான். உருண்டை பக்கத்தில் நின்று, "ஒண்ணுமில்லைங்க, புறா பையில இருக்கு" என்று தப்பும் தவறுமாக விளக்குகிறான். பையைத் திறந்தால் அவனுடைய காலணி இருக்கிறது. அன்றைக்கு நாம் பார்க்காத ஒன்றை நேற்றுப் பார்த்தேன். கம்பின் கோட்டுக் கையில் வாடகைக் கடைச் சீட்டு தொங்குகிறது. பாவம், கழற்ற மறந்திருக்கிறான்.

கடை நன்றாக ஓடுகிறது. நிற்க நேரமில்லை. தாள் வாங்கப் போகவும் நேரமில்லை, கையில் கிடைத்த அட்டையில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

உன் ஊரிலும் அந்தச் சேனல் வரும், விசாரித்துவிட்டேன். நீயும் பார். பார்த்து எழுது. போன் வேண்டாம். போனில் நீ "சரிங்கத்தான்" என்பாய், நான் "வேறென்ன" என்பேன், முடிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்

ஜனவரி 31

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்கு மரியாதை கொடுக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை வழக்கம்போல் திட்டிக்கொண்டு இருக்கிறீர்களா?

கம்பு, உருண்டை என்று பெயர் வைத்ததே அக்காதான், நினைவிருக்கிறதா? அவர்களுடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை வாயில் வரவில்லை.

எனக்கு இங்கே தனி அறை, தனி டிவி. மருமகள் ஒரு குறையும் வைப்பதில்லை. சனிக்கிழமை கட்டாயம் பார்க்கிறேன்.

கடை நன்றாக ஓடுவது கேட்டு மகிழ்ச்சி. மறுபடியும் எழுதுங்கள்.

தங்கள் மச்சான்

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஒத்தடம் கொடுத்தேன், திட்டிக்கொண்டே.

நேற்றுப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட நிகழ்ச்சி வந்தது. பார்த்திருப்பாய். கம்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள், பின்கதவு திறக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி ஒளிபரப்பு, நிறுத்த முடியாது. உருண்டை பதினோரு நிமிஷம் பேசியே ஓட்டுகிறான். பெட்டிக்கு வீட்டு வாடகை கேட்கிறான். "உள்ள இருக்கறவருக்குத் தபால் வந்திருக்கு" என்று காகிதத்தை இடுக்கில் நுழைக்கிறான். ஜனங்கள் அதுதான் வித்தை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவன் கழுத்தில் வேர்வை ஓடுவது இந்தப் பெரிய திரையில்தான் தெரிகிறது.

அந்தச் சனிக்கிழமை மழை. ஐம்பது அறுபது பேர் குடையோடு நம் கடை வாசலில். நீ வழக்கம்போல் வாங்க வந்தவன் மாதிரி கூட்டத்துக்குள் நின்றுகொண்டு, "ஏங்க, இந்தப் பெட்டிய வாங்கினா உள்ள இருக்கற ஆளும் சேந்து வருவாரா?" என்றாய். "வருவாரு, ஆனா சாப்பாடு நீங்கதான் போடணும்" என்றேன். நீ என் மைத்துனன் என்று தெருவுக்கே தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள், தெரிந்தும் வாங்கினார்கள். இஸ்திரிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றவன் நான். வியாபாரம் என்றால் என்ன என்று அந்த வாசலில்தான் புரிந்தது.

நேற்று அந்தத் தபால் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். வாஷிங் மெஷின் நின்றது.

சரி. வேலை கிடக்கிறது. எழுது.

உன் அத்தான்

பிப்ரவரி 24

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

இங்கே அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

முந்தாநாள் சனிக்கிழமை குடை நிகழ்ச்சி பார்த்தேன். கம்பு ஒரு குடையிலிருந்து இன்னொரு குடை எடுப்பான், அதிலிருந்து இன்னொன்று. உருண்டை எல்லாவற்றையும் வாங்கி வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு, கடைசியில் மேடையில் தண்ணீர் கொட்டும்போது நனைந்துகொண்டு நிற்பான். பேரப்பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். "தாத்தா, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான் சின்னவன். நன்றாகத் தெரியும் என்றேன்.

பொழுது நன்றாகப் போகிறது. கவலைப்படாதீர்கள்.

தங்கள் மச்சான்

மார்ச் 5

மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்கட்டும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி 22 சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கம்பும் வரவில்லை, உருண்டையும் வரவில்லை. மழையில் தள்ளிப்போன கால்பந்து ஆட்டத்தை அன்றைக்குப் போட்டார்கள். நான் ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன், கோல்கூட விழவில்லை. குடை நிகழ்ச்சி ஒரு வாரம் கழித்து, போன சனிக்கிழமைதான் வந்தது. நீ எழுதியது அதற்கு முந்தைய திங்கட்கிழமை.

சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு குடை கூடவில்லை குறையவில்லை. ஆனால் அது நாற்பது வருஷத்துக்கு முன் என்னோடு நின்று பார்த்தது. பேரப்பிள்ளைகளோடு பார்த்தது இல்லை.

ஓடாத பெட்டியை ஓடுகிறது என்று என்னிடம் தள்ளிவிட வந்தவர்கள் எத்தனை பேர், உனக்குத் தெரியும். நீயே ஏன்டா இதைச் செய்கிறாய்? தனி அறை இருக்கிறதா? டிவி இருக்கிறதா? எங்கே இருக்கிறாய்?

அத்தான்

ஏப்ரல் 3

மச்சானுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. ஒரு மாதமாகத் தபால்காரரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்காத மாதிரி போகிறார்.

போன கடிதம் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. உன்னை மடக்கியதாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் எழுதினேன். பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மடக்கி என்ன கிடைத்தது?

வேறு கேள்வி கேட்கப் போவதில்லை. நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நேரம் கிடைத்தால் நீயும் பார், கிடைக்காவிட்டால் என் கடிதத்திலேயே பார்த்துக்கொள்.

இதுவரை பதினொன்று பார்த்தாயிற்று. கவனித்த விஷயம் ஒன்று. இப்போதெல்லாம் இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறார்கள். அந்த ஆரம்ப நிகழ்ச்சிகளில் அப்படி இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பயம்தான். இவன் அடுத்து என்ன சொல்வானோ, அவன் கை என்ன செய்யுமோ என்று. ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோகிறது அவர்களுக்கு. எனக்கு இப்போதைய வித்தையைவிட அதுதான் பிடிக்கிறது.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அத்தான்

ஏப்ரல் 21

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் கடிதங்கள் பையன் வீட்டுக்குப் போய், அவன் மாதத்துக்கு ஒருமுறை வரும்போது கொண்டுவருகிறான். போன மாதம் அவன் வரவில்லை, இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. இனிமேல் மேலே உள்ள முகவரிக்கே எழுதுங்கள். முதியோர் இல்லம். வந்து எட்டு மாதம் ஆகிறது.

பையன் மேல் தப்பில்லை. இரண்டு அறை வீடு, இரண்டு பிள்ளைகளுக்கும் பரீட்சை. நான் இருமினால் நாலு பேர் எழுந்துகொள்கிறார்கள். நானே கேட்டு வந்தேன். கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாம் உண்டு. பதினான்கு பேருக்கு ஒரு கூடம், ஒரு டிவி. சனிக்கிழமை ஐந்து மணிக்கு ரிமோட் முன்னாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கையில் இருக்கும். மல்யுத்தம். கேட்டுப் பார்த்தேன். "ஓட்டுநரிடம் பேசக் கூடாதுன்னு படிச்சதில்லையா?" என்றார்.

என்னை மடக்கினீர்கள். இப்போது என் முறை. உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் நம் கடை உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் வருகிறது. விற்கிற டிவிக்கு ஒன்று என்று நாம் அச்சடித்தது. ஒரு கடிதத்துக்கு ஏழெட்டு அட்டை. அட்டை இப்படி மிஞ்சுகிறதென்றால் டிவி எங்கே விற்கிறது? நிற்க நேரமில்லாதவர் சனிக்கிழமை மாலை ஏழு மணி வரை கோல் விழாத ஆட்டத்தைப் பார்த்தது எப்படி?

எழுத வேண்டாம் என்று வைத்திருந்ததையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரி போன பிறகு பதினைந்து வருஷம் உங்கள் மாடியில் இருந்தேன். ஒரு நாளும் என்னைப் பாரமாக நினைத்ததில்லை நீங்கள். அக்கா போன மூன்றாவது வாரம், நான் அவள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது மேலே வந்து, "அவளே போயிட்டா. இனிமே உனக்கும் எனக்கும் என்னடா இருக்கு?" என்றீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவள் வழியாகத்தானே உறவு. அதனால்தான் கிளம்பினேன். கோபம் இல்லை.

தங்கள் மச்சான்

ஏப்ரல் 29

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. நலம் என்று சொல்ல மாட்டேன், நடமாடுகிறேன்.

கணக்கு சரி. கடையில் பாதியைப் போன் உறை விற்கிறவருக்கு விட்டுவிட்டேன். மீதிப் பாதியில் மூன்று டிவி, ஒரு வாஷிங் மெஷின், நான். வருகிறவர்கள் எல்லாம் போன் உறைக்கு வழி கேட்க வருகிறார்கள்.

அந்த வார்த்தை. சொன்னேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேள். அதைக் கேள்வியாகத்தான் கேட்டேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவள் போனதும் எனக்கென்று மிச்சம் யார் என்று தெரியாமல்தான் படியேறி வந்தேன். இருக்கிறது என்று நீ ஏதாவது சொல்வாய் என்று நின்றேன். நீ பரண்மேல் இருந்த பெட்டியை எடுத்தாய். போகிறவனைப் பிடித்து நிறுத்த எனக்குத் தெரியாது. வந்த வாடிக்கையாளர் திரும்பிப் போனால்கூட நான் பின்னால் போய்க் கூப்பிட்டதில்லை.

மல்யுத்தத்துக்கு வழி செய்துவிட்டேன். மூன்றில் பெரிய டிவியை லாரியில் ஏற்றுகிறேன், வரும் வெள்ளிக்கிழமை வந்து சேரும். உங்கள் மேலாளரிடம் பேசிவிட்டேன். நன்கொடை என்றதும் குரலே மாறிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுவாராம். ரிமோட் உன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

மே 20

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நலம். முழங்கால் எப்படி இருக்கிறது?

டிவி பத்திரமாக வந்தது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. முதல் சனிக்கிழமை நானும் ஒரு ஓய்வுபெற்ற செவிலியரும் மட்டும். அவருக்குக் காது மந்தம். உருண்டை சொல்வதையெல்லாம் நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அடுத்த வாரம் ஆறு பேர். நான் சொல்வது உருண்டை சொல்வதைவிட நன்றாக இருக்கிறதாம், சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். போன வாரம் ஓட்டுநரே வந்து கதவோரம் நின்றார். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றேன். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார், உட்கார்ந்துவிட்டார். மல்யுத்தம் ஆளில்லாமல் ஓடுகிறது. எட்டு மாதம் என் பெயர்கூடத் தெரியாதவர்கள் இப்போது வெள்ளிக்கிழமையே, "நாளைக்கு என்ன வித்தை?" என்கிறார்கள். எல்லாம் உங்களால்.

ஒன்று சொல்லலாமா என்று யோசித்தேன். டிவி வருகிற அன்று காலையிலிருந்து வாசலில் நின்றேன். லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கினார். அந்தப் பக்கக் கதவும் திறந்தது, சுமக்கிற ஆள் இறங்கினார். அப்புறம் யாரும் இறங்கவில்லை. பெட்டியை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

டிவி மிக நன்றாக ஓடுகிறது.

தங்கள் மச்சான்

ஜூன் 1

மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை, நேராக எழுதுகிறேன்.

லாரி கிளம்பும்போது முன்சீட்டில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. லாரி ஓட்டுநர், "பெரியவரே, வர்றீங்களா?" என்று கேட்கவும் கேட்டார். கடையை யார் பார்ப்பது என்றேன். எந்தக் கடையை?

நேற்றைய நிகழ்ச்சியை நீயும் பார்த்திருப்பாய். உருண்டைக்குக் காய்ச்சல் என்று கம்பு தனியாக வந்த நிகழ்ச்சி. நமக்கு மறந்தே போயிருந்தது. புறா வருகிறது, முட்டை மறைகிறது, வெட்டிய கயிறு ஒட்டுகிறது. ஒரு பிசகு இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. தப்பாக விளக்கம் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு வித்தை முடிந்ததும் கம்பு வலது பக்கம் பார்க்கிறான். பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான். அரை மணி நேரமும் அப்படியே. நான் எழுந்து அணைத்துவிட்டேன்.

எனக்கு நிம்மதி வேண்டுமென்றால் உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் உனக்கு டிவி அனுப்பினேன். வாயால் கேட்க வேண்டியதற்குச் சரக்கை அனுப்பிப் பழகிவிட்டது.

இப்போது கேட்கிறேன். திரும்பி வா. மாடி அறை அப்படியே இருக்கிறது. உனக்காக இல்லை, எனக்காக.

அத்தான்

ஜூன் 19

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

பதில் எழுதப் பத்து நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் ஒரு பதில் எழுதிக் கிழித்தேன்.

பத்தொன்பது மாதத்துக்கு முன் இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் பெட்டியைக் கீழே வைத்திருப்பேன். லாரியிலிருந்து நீங்கள் இறங்கியிருந்தால் அதிலேயே ஏறி வந்திருப்பேன். இப்போது முடியவில்லை. செவிலியருக்கு என் குரல் பழகிவிட்டது, வேறு யார் சொன்னாலும் கேட்கவில்லை என்கிறார். கறுப்பு வெள்ளை முடிந்தாலும் நிறுத்தக் கூடாது, கலரையும் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. உங்களை விட்டுவிட்டு இருக்கவும் மனம் வரவில்லை.

வருத்தப்படாதீர்கள் என்று எழுத வருகிறது. எழுதவில்லை.

தங்கள் மச்சான்

ஜூன் 25

மச்சானுக்கு,

நலம். நீயும் அப்படியே இரு.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. உங்கள் மேலாளருக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை பார்க்க வரலாமா என்றேன். தாராளமாக, புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன் என்றார். "அவருக்கு நீங்க என்ன வேணும்?" அக்கா புருஷன் என்றேன். "அப்போ அக்காவும் வர்றாங்களா?" இல்லை, அவள் இல்லை, நான் மட்டும்தான் என்றேன். அந்தப் பக்கம் பேனா நின்றது எனக்குக் கேட்டது. "அப்போ உறவுன்னு இருக்கற இடத்துல என்னங்க போடறது?" என்றார் பாவம், மரியாதையாகத்தான். அப்புறம், "அத்தான்னே போடுங்க. அவ இருந்தப்பவும் அதுதான், இப்பவும் அதுதான்" என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். ஒன்றரை வருஷத்துக்கு முன் மாடியில் வைத்து இதை நானே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

காலை வண்டியில் கிளம்பினால் நாலரைக்கு அங்கே இருப்பேன். கடையைப் போன் உறைக்காரர் பார்த்துக்கொள்வார், பார்க்க ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பார்வையாளர் நேரம் ஏழு மணியோடு முடிகிறதாம். என் ஊருக்குக் கடைசி வண்டி ஆறு மணிக்கு. ஏழுக்கு மேல் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. நீ யோசித்து வை.

உன் அத்தான்